‘முப்பகா எண்’ வேண்டாம், ‘ஆப்பு எண்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஆங்கிலத்தில் ‘ஸ்பீனிக்’ (sphenic) எனப்படும் எண்ணுக்குத் தமிழ்ப்பெயர் தேடும்போது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> மூன்று வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை ‘முப்பகா எண்’ என்று அழைத்தால் என்ன?

எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழ்த் தொகைச்சொல்லில் கடைசியில் நிற்பதே இனத்தைக் காட்டும் என்பதால், ‘முப்பகா எண்’ என்று கேட்கும் மாணவர் அதைப் பகா எண்ணின் ஒரு வகையாகவே கொள்வார். நாம் பெயரிட முனைவதோ ஒரு பகு எண்ணுக்கு. மேலும், 2-ஐ மும்முறை பெருக்கி வரும் 8-ஐ அப்பெயர் விலக்கவும் இல்லை. ‘முக்காரணி எண்’ என்பது அதைவிட மோசம். இவ்வகை எண் ஒவ்வொன்றுக்கும் காரணிகள் எட்டு; மூன்றே காரணிகள் உள்ளவை 4, 9, 25 போன்ற பகா எண் வர்க்கங்கள்தாம்.

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் குறியீட்டெண்ணான 625001-ஐ எடுத்துக்கொள்வோம். நேற்று வந்த கடித உறையின் பின்புறத்தில் அதை வகுத்துப் பார்த்தேன். 3, 7, 11 மூன்றும் மீதி வைத்தன. 13 சரியாக வகுத்து 48077 தந்தது. அதன்பின் உறையின் ஓரமெல்லாம் நிரம்பும்வரை எதுவும் அசைந்து கொடுக்கவில்லை. 131-க்கு வந்தபோதுதான் 367 கிடைத்தது, அது பகா எண். ஆக, 13 × 131 × 367. காரணிகள் 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001 என்று எட்டோடு நின்றுவிடுகின்றன. அடுத்த எண்ணான 625002 இந்த இனத்தில் சேராது. அது 2, 3, 7, 23, 647 என ஐந்தாக உடைகிறது.

‘ஸ்பீனிக்’ என்ற பெயர் ஆப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூன்று எண்களின் பெருக்கலை நீளம், அகலம், உயரம் கொண்ட திண்ம உருவாகக் கண்டு, மூன்று பக்கங்களும் வெவ்வேறானால் அதை ஆப்போடு ஒப்பிடும் வழக்கத்தைப் பண்டைய கிரேக்கக் கணித ஆசிரியர் நிக்கோமாக்கஸ் குறிப்பிடுகிறார். தச்சர் நிலைச்சட்டத்தை இறுக்க அடிக்கும் ஆப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும்: நீளம் ஒன்று, அகலம் ஒன்று, கனம் வேறொன்று. ஆகவே ‘ஆப்பு எண்’ என்று முன்மொழிகிறேன். ‘வெவ்வேறு’ என்ற நிபந்தனையும் அந்த உருவத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

‘ஆப்பு வைத்தல்’ என்ற பேச்சுவழக்கால் வகுப்பில் சிரிப்பு எழும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எழட்டும், சிரித்த சொல் மறக்காது. சித்திரைத் தேர்ச் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையும் ஏறக்குறைய இதே வடிவந்தான், ஆனால் ‘முட்டுக்கட்டை எண்’ என்றால் கணக்கே நின்றுவிடும் போலிருக்கிறது. எனக்குள்ள தயக்கம் புணர்ச்சியைப் பற்றியது. சேர்த்து எழுதினால் ‘ஆப்பெண்’ ஆகும். அச்சில் ‘ஆ’ தவறி ‘அ’ ஆகிவிட்டால் அது ‘அப்பெண்’. ஆகையால் எப்போதும் பிரித்தே எழுத வேண்டும்.

அடுத்தடுத்து மூன்று ஆப்பு எண்கள் முதன்முதலில் வருவது 1309, 1310, 1311 என்ற இடத்தில். நான்கு வர இயலாது. அவற்றுள் ஒன்று 4-ஆல் வகுபட்டு, 2 இருமுறை வந்துவிடும். இந்த மூன்றன் தொகுதிக்கு ‘ஆப்பு மும்மை’ பொருந்துமா என்று சொல்லுங்கள்.