பாம்பன் பாலம் ஏறினால் டர்போ டீசல் திணறுகிறது, டர்போவே போய்விட்டதா?

மண்டபம்_தம்பி:
அண்ணன்மாரே, வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, ஐடிலிலும் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போதும்) குறையில்லை, நான் மட்டும் ராமநாதபுரம் வரை அறுபதில் போனால் ஒன்றுமே தெரியாது. ஆனால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ராமேசுவரம் போகும்போது பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம் பக்கம் மிதித்தால் ஒரு நொடி, ஒன்றரை நொடி அப்படியே அமுங்குகிறது, அப்புறம் மனமில்லாமல் இழுக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. (நம் மாவட்டத்தில் மேடு என்று வண்டிக்குத் தெரிவதே அந்தப் பாலம்தான், அதனால் எத்தனை நாளாக இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை.) இன்ஜின் லைட் எரியவில்லை. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் போன மாதம் மாற்றியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, டர்போ அவுட், 38,000 ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பழைய_ஸ்பேனர்:
கொடுக்காதே தம்பி. நீ சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற சக்கரம். ஐடிலில் அது காற்றை அழுத்துவதே இல்லை, மெதுவாகப் போகும்போதும் பெரிதாக இல்லை, லோடு ஏறினால்தான் அழுத்தம். அப்போது மட்டும் திணறுகிறது என்றால் அழுத்திய காற்று இன்ஜினுக்குப் போகிற வழியில் எங்கேயோ ஒழுகுகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். பல டீசல்களில் காற்றை அளக்கிற சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே இருக்கும், அது அளந்த கணக்குக்கு டீசல் இறங்கிவிடும், அளந்த காற்றில் கொஞ்சம் நடுவழியில் வெளியே போய்விட்டால் மிச்ச டீசல் கரும்புகைதான். மிதிக்கும்போது புஸ் என்று சத்தம் வருகிறதா, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேள்.

டர்போவையும் ஒரு முறை பார்த்துவிடு. இன்ஜின் ஆறியபின் ஏர் ஹோஸைக் கழற்றி உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் ஆட்டு. பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயமில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை வெளிக்கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் 38,000 பற்றிப் பேச வேண்டும். நீலப்புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் டர்போவை முதல் ஆளாகப் பிடித்துப் போடுவது நியாயமில்லை.

தொண்டி_டிரைவர்:
கேனில் வாங்கி ஊற்றுகிற பழக்கம் உண்டா? டிரம்மில் நாள்பட்டு நின்ற டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கும், என் வண்டியும் இப்படித்தான் திணறியது. ஆனால் அது ஏற்றத்தில் மட்டும் என்றில்லை, நினைத்த இடத்தில் நின்று மானத்தை வாங்கியது.

கீழக்கரை_காக்கா:
ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி, நான் உப்புக்காற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் பக்கத்து வண்டிகளில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மேலே பார்க்க இறுக்கமாக இருக்கும், அடிப்பக்கம் துரு தின்று பட்டை பிடிமானமே இல்லாமல் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினால்தான் குட்டு வெளிப்படும். அப்புறம் ப்ரெஷர் சென்சார் பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பார், பச்சை பூத்திருந்தால் அது சொல்கிற அழுத்தத்தை நம்ப முடியாது.

நண்பர் யாரிடமாவது வண்டியில் செருகி சென்சார் கணக்கைப் போனில் பார்க்கிற ப்ளூடூத் ஸ்கேனர் இருக்கும், வாங்கிக்கொள். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டு ப்ரெஷரை, அதாவது இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தைப் பார்த்தால், 100, 101 கேபிஏ (கிலோபாஸ்கல்) காட்ட வேண்டும், நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம் அல்லவா (இதே வண்டி கொடைக்கானலில் 80 பக்கம் காட்டும், அங்கே அது சரி). இங்கே 90 காட்டினால் சென்சாரைச் சந்தேகப்படு. 100 காட்டிவிட்டு, மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது 200ஐ எட்ட முடியாமல் 150, 160லேயே நின்றால் சென்சார் சரி, காற்று ஒழுகுகிறதா என்று முதலில் தேடு. எண்ணை நீ பார்க்காதே, பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும்.

மண்டபம்_தம்பி:
பங்கில்தான் போடுகிறேன், கேன் இல்லை. நேற்று ஸ்கேனர் கிடைத்தது காக்கா, சாவி ஆனில் 100, மிதித்தால் 155. சக்கரம் ஆடவில்லை. ஹோஸ் எல்லாம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சோப்புத் தண்ணீர் ஊற்றியும் குமிழி வரவில்லை.

பழைய_ஸ்பேனர்:
ஐடிலில் ஊற்றினால் எப்படி வரும், அழுத்தமே இல்லையே. பிவிசி மூடி ஒன்றில் துளை போட்டு டியூப் வால்வைப் பொருத்தி, டர்போவின் வாயில் ஹோஸோடு மாட்டி, பஞ்சர் கடையில் காற்று பிடி. 10 பிஎஸ்ஐ போதும், தாண்டாதே. சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அந்த மெல்லிய சத்தத்தைக் கண்டு பயப்படாதே, சீறுகிற இடத்தைத் தேடு.

மண்டபம்_தம்பி:
கிடைத்துவிட்டது! டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற பெட்டிக்கு) இறங்குகிற ஹோஸ், அடி வளைவில், கிளாம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. வெறுமனே பார்த்தால் ஆயிலும் புழுதியும் அப்பிய கறை மட்டும்தான். காற்று ஏறியதும் ஹோஸ் லேசாக உப்பி, கறைக்கு நடுவில் மீன் வாய் திறப்பது போல ஒரு அங்குலம் பிளந்தது, சோப்பு நுரை பஞ்சர் கடைக்காரர் சட்டை வரைக்கும் தெறித்தது. காற்றை இறக்கினால் திரும்ப மூடிக்கொள்கிறது, அதனால்தான் யார் கண்ணுக்கும் படவில்லை. புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், எல்லாம் சேர்த்து 1,900. இன்று அதே ஐந்து பேரோடு பாலம் ஏறினேன், 215 காட்டியது, புகை இல்லை. ஆனால் 1800க்குக் கீழே இன்னும் சோம்பலாகத்தான் இருக்கிறது.

கீழக்கரை_காக்கா:
அது நோயில்லை தம்பி, அந்த இன்ஜினின் குணம். டர்போ சுற்றிப் பிடிக்கும்வரை அப்படித்தான். ஏற்றம் தொடங்குமுன் ஒரு கியர் குறைத்துக்கொள். பஞ்சர் கடைக்காரருக்கு சட்டை துவைக்க சோப்பு வாங்கிக் கொடுத்தாயா?

மண்டபம்_தம்பி:
பரோட்டா வாங்கிக் கொடுத்தேன் காக்கா. பிவிசி மூடியை அவரே வைத்துக்கொண்டார்.