நோரா ஜோன்ஸின் இரண்டாம் ஆல்பம் முதலாவதன் நிழலா?

கேள்வி:
அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பமாக 2002-இல் வெளிவந்த ‘கம் அவே வித் மீ’யைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். 2004-இல் வந்த ‘ஃபீல்ஸ் லைக் ஹோம்’ மட்டும் ஏனோ மனத்தில் ஒட்டவில்லை. அதே மெதுநடை, அதே பியானோ. நான் எதையேனும் கவனிக்கத் தவறுகிறேனா?

மறுமொழி 1:
நடை ஒன்றுதான், பாடல்கள் பிறந்த இடம் வேறு. முதல் ஆல்பத்தைத் தூக்கி நிறுத்திய ‘டோன்ட் நோ வை’ ஜெஸ்ஸி ஹாரிஸ் எழுதியது. இரண்டாவதில் நோராவும் அவருடைய குழுவினரும் எழுதியவை கூடுதல் இடம் பெறுகின்றன. ‘சன்ரைஸ்’ அவரும் பாஸ் என்னும் தாழ்சுரக் கருவி வாசிக்கும் லீ அலெக்சாண்டரும் சேர்ந்து எழுதியது. அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் பாடகி டாலி பார்ட்டனுடன் பாடிய ‘க்ரீப்பின் இன்’ பாடலைத் தனியாகக் கேளுங்கள். அவர் ஜாஸ் அரங்கை விட்டுக் கன்ட்ரி இசையின் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது தெரியும்.

மறுமொழி 2:
கேட்டவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. இரண்டிலும் தயாரிப்பில் ஆரிஃப் மார்டினின் கை இருக்கிறது. முதல் ஆல்பத்துக்காக 2003 கிராமி விழாவில் நோரா ஐந்து விருதுகளை வென்றபின், அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற இரண்டாம் ஆல்பத்தில் யார்தான் துணிந்து திசை மாற்றுவார்கள்? எனினும் கடைசிப் பாடலைத் தவறவிடாதீர்கள்: ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘மெலன்கோலியா’ என்னும் பியானோ இசைக்கு நோரா வரிகள் எழுதியிருக்கிறார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்தக் கடைசிப் பாடல்வரை நான் ஒருநாளும் பொறுமையாகக் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.