பகலுக்கு சோலார், ராத்திரிக்குக் காற்று: இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி?

அரைகுறை இன்ஜினியர் (கேள்வி)

எங்கே பார்த்தாலும் ஒரே படம்தான். ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் காத்தாடி, நடுவில் இரண்டும் கை குலுக்குகிற மாதிரி ஒரு கோடு. "பகலில் சோலார், இரவில் காற்று. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்" என்று கீழே எழுதியிருப்பார்கள்.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன், மின்சாரம் என் துறை இல்லை. ஒரு ஆர்வத்தில், பொதுவில் கிடைக்கிற ஒரு கிரிட்டின் (மின் வலையமைப்பின்) ஓராண்டுத் தரவை மணி வாரியாக இறக்கி, காற்று ஒரு பத்தி, சோலார் ஒரு பத்தி என்று எக்செல்லில் போட்டேன். மொத்தம் 8,760 வரிசை. இரண்டுக்கும் கோரிலேஷன், அதாவது ஒன்று ஏறும்போது மற்றது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற எண், எடுத்தால் எதிர்மறையாகத்தான் வருகிறது, ஆனால் பேருக்கு. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கை குலுக்குகிற மாதிரித் தெரியவில்லை. தெருவில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி நடந்து போகிறார்கள்.

மாத வாரியாகக் கூட்டினால் மட்டும் படத்தில் சொன்னபடி வருகிறது. தப்பு என்னுடையதா, படத்தினுடையதா?

பேட்டரிப் பிரியன்

பேட்டரி போட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

ஷிஃப்ட் முடிந்தவர்

தம்பி, உங்கள் கணக்கும் தப்பில்லை, படமும் முழுப் பொய்யில்லை. கேள்விதான் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

கிரிட் கட்டுப்பாட்டு அறையில் பல வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் காற்றும் சோலாரும் ஒத்துப்போகிறதா, சண்டை போடுகிறதா என்று கவலையே கிடையாது. அவன் கண் ஒரே ஒரு கோட்டின் மேல் இருக்கும். மொத்த லோடிலிருந்து, அதாவது மக்கள் கேட்கிற மின்சாரத்திலிருந்து, காற்றையும் சோலாரையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? நெட் லோடு என்போம். அந்த மிச்சத்தை அனல், நீர்மின், கேஸ் என்று கையில் இருப்பதை வைத்து அவன் நிரப்ப வேண்டும். நீங்கள் இரண்டு பத்தி போட்டீர்கள், லோடு என்ற மூன்றாவது பத்தியை விட்டுவிட்டீர்கள். அதைச் சேர்த்து, கழித்து, அந்த மிச்சத்தை வரைந்து பாருங்கள்.

இன்னொன்று. கோரிலேஷன் பூஜ்ஜியம் என்றால் பயனில்லை என்று நினைக்காதீர்கள். ஒரே அளவு ஏறி இறங்குகிற இரண்டு மூலங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஆடினால், மின்சாரம் இரண்டு மடங்காகும், ஆட்டம் 1.4 மடங்குதான் ஆகும். தெரியாதவர்கள் மாதிரி நடந்து போவதே நமக்கு லாபம். இருவரும் ஒரே நேரத்தில் தடுக்கி விழாமல் இருந்தால் போதும். அதோடு, உங்கள் 8,760 மணியில் ஏறக்குறையப் பாதி இருட்டு. சோலார் பத்தியில் அத்தனையும் பூஜ்ஜியம். அப்படிப்பட்ட தரவை ஒரே எண்ணுக்குள் அடக்கினால் அது மழுங்கித்தான் வரும்.

சரி, நிஜமான தலைவலி சாயங்காலம். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். நாலு மணிக்கு லோடு 10,000 மெகாவாட், சோலார் 3,000, காற்று 1,000. மிச்சம் 6,000. ஏழு மணிக்கு விளக்கெல்லாம் எரிந்து லோடு 11,500, சோலார் பூஜ்ஜியம். காற்று அதே 1,000-இல் நின்றால் மிச்சம் 10,500. மூன்று மணி நேரத்தில் 4,500 மெகாவாட் ஏற்ற வேண்டும். அதற்குள் காற்று 2,200-க்கு ஏறிவிட்டால் ஏற்ற வேண்டியது 3,300 மட்டும். 400-க்கு இறங்கிவிட்டால் 5,100. நாள் முழுக்கக் காற்று எவ்வளவு அடித்தது என்பதைவிட அந்த மூன்று மணி நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவின் கிரிட் நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட 'வாத்து வளைவு' இதே மிச்சக் கோடுதான். நடுப்பகலில் வயிறு தொங்கும், சாயங்காலம் கழுத்து செங்குத்தாக நிமிரும்.

எனக்கு ஒரு அனுபவம். அன்றைக்கு மதியம் சோலார் நிறைய. ஆறரை மணிக்கெல்லாம் காற்று ஏறும் என்று முன்கணிப்பு சொன்னது. நம்பி, ஒரு அனல் யூனிட்டை நிறுத்த சம்மதித்தேன். நிலக்கரி யூனிட் நிறுத்தினால் நிறுத்தியதுதான், திரும்பக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குத் திரையில் ஃப்ரீக்வென்சி 50.01. இது 50-இல் நிற்கவேண்டும், மின்சாரம் போதாவிட்டால் இறங்கும். ஆறேகாலுக்கு 49.93. நீர்மின் நிலையத்துக்குப் போன் போட்டு, "இரண்டாவது மெஷினை ஏத்துங்க" என்றேன். ஐந்து நிமிஷத்தில் ஏறியது. மூன்றாவதையும் ஏற்றினார்கள். ஏழு மணிக்கு 49.86, ஏற்ற வேறு மெஷின் இல்லை. சில ஃபீடர்களை (ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகிற லைன்களை) இறக்கச் சொல்லவேண்டியதாகிவிட்டது. காற்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒன்பது மணிக்கு, கொட்டுகிற மாதிரி வந்தது. மறுநாள் அறிக்கையில் நாள் மொத்தக் கணக்கைப் பார்த்தால் காற்றும் சோலாரும் அருமையாக ஒத்துழைத்த மாதிரி இருந்தது!

டவர் ஏறி

அண்ணன் சொன்ன அந்த ஒன்பது மணி விஷயத்தைக் காத்தாடிக்குக் கீழே நின்று பார்த்தவன் நான், பராமரிப்பு வேலை.

இரவில் டவர் அடியில் நின்றால் செடியில் ஒரு இலை அசையாது. தரையில் கிடக்கிற பிளாஸ்டிக் பை கூட நகராது. மேலே நிமிர்ந்தால் 100 மீட்டர் உயரத்தில் இறக்கை 'விஷ்க் விஷ்க்' என்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். எங்கள் இன்ஜினியர்தான் விளக்கினார். பகலில் தரை சூடாகி, சூடான காற்று மேலே எழும்பி, மேல் காற்றையும் கீழ்க் காற்றையும் போட்டுக் கலக்கும். தரையின் உராய்வு மேலே வரைக்கும் பிடித்து இழுக்கும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் அந்தக் கலக்கல் நின்றுவிடும். கீழ்க் காற்று படுத்துவிடும், மேலே இருக்கிறது பிடி விட்டு ஓடும். ஆனால் இந்த மாற்றம் சுவிட்ச் போட்ட மாதிரி நடக்காது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மந்தம் வரும், அப்புறம்தான் வேகம் பிடிக்கும். அண்ணன் மாட்டிக்கொண்டது அந்த மந்தத்தில்தான்.

வேகம் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகத்துக்கு மும்மடிப் பெருக்கத்தில் சக்தி. வினாடிக்கு 6 மீட்டர் 8 ஆனால் மூன்றில் ஒரு பங்குதானே கூடியது என்று தோன்றும், காற்றில் இருக்கிற சக்தி 2.4 மடங்கு ஆகிவிடும். அதனால்தான் முன்கணிப்பில் வேகம் கொஞ்சம் பிசகினாலும் மெகாவாட்டில் பெரிதாக உதைக்கிறது.

கடலோரம் இருந்தால் கதையே வேறு. பகலில் நிலம் சூடாவதால் கடற்காற்று பிற்பகலில் வலுக்கும். டெக்சாஸில் இரண்டும் உண்டு. மேற்குப் பக்கம் உள்நாட்டுக் காற்று ராத்திரியில் உச்சம், மெக்சிகோ வளைகுடாக் கரையில் பிற்பகலும் சாயங்காலமும். சோலார் இறங்குகிற நேரத்தைத் தாங்குவது அந்தக் கரைக் காற்றுதான். ஆகவே 'காற்று' என்று ஒரே பத்தியாகப் போட்டாலே பாதி விஷயம் போச்சு.

எங்கள் காத்தாடிகளுக்கு நடுவில் இப்போது பேனலும் போட்டிருக்கிறார்கள். ஒரே சப்ஸ்டேஷன், ஒரே லைன். 100 மெகாவாட் காற்று, 100 மெகாவாட் சோலார், ஆனால் 200-க்கு லைன் இழுக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்பது அபூர்வம். நின்றால் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கை குலுக்கல் உண்மையிலேயே நடக்கிற இடம் அந்த லைன்தான்.

பேட்டரிப் பிரியன்

மறுபடியும் சொல்கிறேன், அண்ணனுடைய அந்த சாயங்காலத்தில் பேட்டரி இருந்திருந்தால் ஃபீடர் இறக்கியிருக்க வேண்டாமே?

ஷிஃப்ட் முடிந்தவர்

ஒத்துக்கொள்கிறேன். சாயங்கால ஏற்றத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. 2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கலிபோர்னியாவில் சிறிது நேரம் மற்ற எந்த ஒரு மூலத்தையும்விட அதிகம் கொடுத்தது பேட்டரிதான். நான் போன் போட்டுக் கெஞ்சிய காலம் போய்விட்டது, நல்லதுதான்.

ஆனால் பேட்டரிக்கு மெகாவாட் (எவ்வளவு வேகத்தில் கொடுக்கும்) ஒரு கணக்கு, மெகாவாட்-மணி (மொத்தம் எவ்வளவு வைத்திருக்கிறது) இன்னொரு கணக்கு. தென் ஆஸ்திரேலியாவில் 2017-இல் வைத்த பெரிய பேட்டரி 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம். இன்றைக்கு நாலு மணி நேரப் பேட்டரி சாதாரணம். நாலு நாள் பேட்டரி சாதாரணம் இல்லை.

நாலு நாள் எதற்கு என்று கேட்பீர்கள். பொதுவாகக் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மேகமும் காற்றும் சேர்ந்து வரும், உயர் அழுத்தம் நின்றால் வானம் தெளிந்து காற்று அடங்கும். தம்பி மாத வாரியாகப் பார்த்த ஒத்துழைப்புக்கும் வேர் இந்த மாதிரி வானிலைதான். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் காற்று, கோடையில் சோலார். இந்தியாவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் மேகம் மறைக்கும், காத்தாடி சுற்றும். ஆனால் வடக்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தில் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்தால் வானம் தெளியாது. தாழ்வான மேகமும் மூடுபனியும் மூடிக்கொள்ளும், காற்றும் இருக்காது. ஜெர்மன்காரர்கள் அதற்கு 'டுங்கல்ஃபிளவ்ட்ட' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், இருட்டும் காற்றின்மையும் சேர்ந்தது. 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் அங்கே அப்படி வந்து சந்தை விலை எகிறியது. அந்த நாட்களில் ராத்திரி பகல் என்ற பேச்சே இல்லை, இரண்டுமே படுத்துவிட்டன. அதற்குத் தூரத்திலிருந்து லைன், நீர்த்தேக்கம், சும்மா காத்திருக்கிற கேஸ் நிலையம் இப்படி ஏதாவது வேண்டும். தூரம் என்றால் நிஜமாகவே தூரம். சில நூறு கிலோமீட்டர் தாண்டினால்தான் காற்று வேறு தாளத்தில் அடிக்கும். சூரியனை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்துவைக்க 15 பாகை மேற்கே போகவேண்டும், பூமத்திய ரேகையில் அது சுமார் 1,670 கிலோமீட்டர்.

சாதாரண நாட்களில் எரிபொருளை மிச்சப்படுத்த இரண்டும் அழகாகக் கூட்டுச் சேரும். மிக மோசமான நாளுக்கு எவ்வளவு மெஷின் வைத்திருக்கவேண்டும் என்ற கணக்கில் அந்தக் கூட்டு கொஞ்சம்தான் குறைத்துக் கொடுக்கும். தம்பி, லோடைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். சராசரியை விடுங்கள், மேலே இருக்கிற 50 மணியை மட்டும் பாருங்கள்.

அரைகுறை இன்ஜினியர்

செய்துவிட்டேன் சார். மூன்றாவது பத்தி சேர்த்ததும் எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. சோலார் மட்டும் கழித்து ஒரு கோடு, காற்று மட்டும் கழித்து ஒரு கோடு, இரண்டும் கழித்து ஒரு கோடு. ஆண்டின் பெரும்பாலான மணிகளில் மூன்றாவது கோடு நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே அந்த 50 மணிக்கு வந்தால் மட்டும் காற்றைக் கழித்த கோடும் இரண்டையும் கழித்த கோடும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்கின்றன. எல்லாமே பொழுது சாய்ந்த பிறகு, சோலார் அங்கே இல்லவே இல்லை.

டவர் ஏறி அண்ணன் சொன்னபடி கடலோரக் காற்றைத் தனியாகப் பிரித்தேன். ஆறு மணிக்கு ஏற்றம் கொஞ்சம் சாய்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது.

ஷிஃப்ட் முடிந்தவர்

அந்த 50 மணிக்கும் தேதி பாருங்கள். ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கிறதா, சேர்ந்து கிடக்கிறதா? சிதறிக் கிடந்தால் பேட்டரிப் பிரியன் ஜெயித்தார்.

அரைகுறை இன்ஜினியர்

பெரும்பாலானவை ஒரே வாரத்தில், அடுத்தடுத்த சாயங்காலங்கள். அந்த வாரம் பகலிலும் சோலார் பாதிகூட வரவில்லை.

பேட்டரிப் பிரியன்

சரி சரி, பகலில் சார்ஜ் ஏற்றவே ஆள் இல்லையா. அந்த வாரத்துக்கு மட்டும் அண்ணன் போன் போடட்டும்.