வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை வெளியூரிலிருந்து போனில் திறக்க வழி உண்டா?

தென்காசி_குமரன்:
வணக்கம். அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, மாதம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். ஆறு வருட ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் பண்ணி, வருடவாரியாக வீட்டு டெஸ்க்டாப்பில் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் டாக்டர், "2022ல கிரியேட்டினின் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன் போட்டு, சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, கம்ப்யூட்டரை ஆன் பண்ண வைத்து, அவன் மானிட்டரை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எண்ணே தெரியவில்லை, ஒரே கோடு கோடாக இருந்தது. திரும்ப எடுக்கச் சொல்வதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

விண்டோஸ் 11 ஹோம், ஃபைபர் இணைப்பு, ஆண்ட்ராய்டு போன். ஃபோல்டரை ஷேர் பண்ணியாகிவிட்டது, வீட்டு வைஃபையில் போனில் திறக்கிறது. வெளியிலிருந்தும் வர வேண்டும் என்று ரவுட்டரில் 445ஆம் போர்ட்டைத் திறந்து விட்டேன், ஆனாலும் வரவில்லை. எங்கே தப்பு?

ரவுட்டர்_ராஜா:
முதலில் அந்த 445ஐ மூடுங்கள், பதிலை அப்புறம் படிக்கலாம். விண்டோஸ் ஃபைல் ஷேரிங் நடக்கும் வாசல் அது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், இருந்தாலும் இன்டர்நெட் பக்கம் 445ஐத் திறந்து வைக்கவே கூடாது.

ஏன் வரவில்லை என்றால், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் ஐபி (இன்டர்நெட் பக்கம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் முகவரி) என்று ஒன்று காட்டும், பாருங்கள். 100.64 முதல் 100.127க்குள் ஆரம்பித்தால் உங்களுக்குத் தனி ஐபி கிடையாது, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிஜிநாட் என்பார்கள். அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, வெளியிலிருந்து வருகிற கோரிக்கை உங்கள் வீடு வரை வரவே வராது.

டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். கம்ப்யூட்டரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டுக்கும் நடுவில் வயர்கார்ட் என்ற மறையாக்க முறையில் பூட்டிய ஒரு தனிப்பாதை உருவாகும். இரண்டு பக்கமுமே உள்ளேயிருந்து வெளியே போய்ச் சந்திப்பதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. கம்ப்யூட்டருக்கு அதில் ஒரு முகவரி கிடைக்கும் (அதுவும் 100இல்தான் ஆரம்பிக்கும், குழம்ப வேண்டாம்). போனில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஃபைல் திறக்கும் செயலி ஏதாவது ஒன்றில் அந்த முகவரியைக் கொடுத்தால் ஃபோல்டர் வந்துவிடும்.

மணிமேகலை_கோவை:
மேலே சொன்னதேதான் நானும் செய்கிறேன். தம்பி சிக்கப் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன், நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் விட்டிருக்கிறேன்.

பாஸ்வேர்டு கேட்கும்போது விண்டோஸைத் திறக்கும் நாலு இலக்கப் பின்னைப் போடாதீர்கள், எத்தனை தடவை போட்டாலும் ஏற்காது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். அதைவிட நல்லது, கம்ப்யூட்டரில் இதற்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுப்பது. போன் தொலைந்தாலும் யாரும் எதையும் அழிக்க முடியாது, டெயில்ஸ்கேல் கணக்கில் போய் அந்தப் போனை நீக்கிவிட்டால் கதவும் மூடிவிடும்.

கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் எல்லாம் போச்சு, அதை 'நெவர்' என்று மாற்றுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆக பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) ஒரு அமைப்பு இருக்கும், பெரும்பாலும் பவர் பகுதியில். ஆன் ஆனாலும் லாகின் பண்ண வீட்டில் ஆள் இல்லையே, அதனால் டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதை டிக் செய்ய வேண்டும். இன்னொன்று, 180 நாளுக்கு ஒருமுறை மறுபடி லாகின் கேட்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் 'கீ எக்ஸ்பயரி'யை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் சரியாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது காலை வாரிவிடும்.

பழைய_லேப்டாப்:
குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஈஸியாச்சே? ஹோம் எடிஷனிலும் ஓடும்.

மணிமேகலை_கோவை:
ஓடும். ஆனால் ஆறு அங்குலத் திரையில் மொத்த டெஸ்க்டாப்பையும் காட்டும், விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு பிடிஎஃப்பைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு சாஃப்ட்வேரை இயக்க வேண்டும் என்றால் அது, ஃபைல் மட்டும் என்றால் இது.

கடற்கரை_வாசி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அம்மாவின் ரிப்போர்ட் என்பது தேவைப்படும் நிமிடத்தில் கையில் இருந்தே ஆக வேண்டியது. வீட்டில் கரண்ட் இல்லை, ஆஸ்பத்திரி அடித்தளத்தில் சிக்னல் இல்லை என்றால் எந்தப் பாதையும் உதவாது. அந்த ஃபோல்டரை மட்டும் சின்க்திங் (இரண்டு கருவிகளில் ஒரே ஃபோல்டரை ஒன்றுபோல வைத்திருக்கும் இலவச மென்பொருள்) வைத்துப் போனிலேயே ஒரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் 'சென்ட் ஒன்லி' போட்டுவிடுங்கள், போனில் கைதவறி அழித்தாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வ செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சின்க்திங்-ஃபோர்க் என்று தேடுங்கள்.

தென்காசி_குமரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 445ஐ அன்றைக்கே மூடிவிட்டேன். வான் ஐபி 100.71 என்று காட்டியது, ராஜா அண்ணன் சொன்னதேதான். அக்கா சொன்ன பின் நம்பர் விஷயத்தில் நானும் அரை மணி நேரம் முட்டிக்கொண்டேன், தனி யூசர் போட்டதும் திறந்துவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று சோதித்தேன், 2022 ஃபோல்டர் நாலைந்து நொடியில் வந்தது. ரிப்போர்ட்டுகள் எல்லாம் சேர்த்து 400 எம்பி கூட இல்லை, அதனால் கடற்கரை நண்பர் சொன்னபடி போனிலும் ஒரு நகல் வைத்துவிட்டேன். மற்ற ஃபைல்களுக்கு டெயில்ஸ்கேல். அடுத்த செக்கப் பன்னிரண்டாம் தேதி, போய் வந்து எழுதுகிறேன்.