மறு: டெண்டினோசிஸ் - அழற்சியா, தேய்வா, நலிவா?

அன்புள்ள குழுவினருக்கு,

தசையை எலும்போடு பிணைக்கும் நாணின் திசு நாளடைவில் சீர்குலையும் நிலைதான் டெண்டினோசிஸ். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது. எடுத்துக்காட்டு டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் வலி.

> டென்னிஸ் எல்போவுக்கு 'தசைநாண் அழற்சி' என்றே இருக்கட்டும், பழகிய சொல்.

பழகிய சொல்தான், ஆனால் நோய் அதுவல்லவே. அழற்சி என்றால் சிவப்பு, சூடு, வீக்கம். மாதக்கணக்கில் நீடித்த டென்னிஸ் எல்போவில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. அறுவை செய்து எடுத்த திசுவை அறுவை மருத்துவர்களான நிர்ஷலும் பெட்ரோனும் 1979இல் விவரித்தபோது, மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின் நாண் முழங்கை எலும்பில் ஒட்டுமிடத்தில் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கு குலைந்து, ஊடே புதுக் குருதிக்குழாய்கள் முளைத்திருந்தன. பிந்தைய ஆய்வுகளிலும் அழற்சி அணுக்கள் அரிதாகவே தென்பட்டன. ஆங்கிலத்தில் டெண்டினைட்டிஸ் என்பதில் அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்' போய், டெண்டினோசிஸ் என்று 'ஓசிஸ்' வந்தது இதனால்தான்.

பெயர் தப்பானால் வைத்தியமும் தடம் மாறுகிறது. அழற்சி என்றதும் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வார்கள். முதல் சில வாரம் சுகம்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேலாக இருக்கிறார்கள்.

> அப்படியானால் 'தசைநாண் தேய்வு'?

இது இன்னும் வம்பு. தேய்ந்தது திரும்பாது என்று நோயாளி கையை அசைக்கவே அஞ்சுவார். உண்மையில் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் குணமாகிறது, அதற்கு உதவுவதோ அளவான சுமை. முன்கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, சின்ன டம்பெல்லைப் பிடிக்க வேண்டும். மறுகையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் கூடியிருந்தால் எடையைக் குறைக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை 'தசைநாண் நலிவு'. நலிந்தது தேறும் என்பது தமிழ்க் காதுக்குத் தானாகவே புரியும்.

ஆனால் ஒரு சிக்கல். ஸ்கேனில் நலிவு தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. எனவே நலிவைத் திசுவின் நிலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வலியோடு வருபவரின் நோய்க்கு, அதாவது டெண்டினோபதிக்கு, 'தசைநாண் நோவு' என்று தனிச்சொல் கொள்ளலாமா? வலிதான் அங்கே முதல் அடையாளம் என்பதால் நோய் என்பதைவிட நோவு பொருந்துகிறது.

அப்புறம், தயவுசெய்து 'தசைநார்' வேண்டாம். சிலர் அதை எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமென்டுக்கும் எழுதுகிறார்கள். தசையை எலும்போடு பிணைத்து இழுப்பது நாண்தான்.

குழுவில் உள்ள மருத்துவர்களும் இயன்முறை வல்லுநர்களும் சொல்லுங்கள். மறுப்பு வராவிட்டால் இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.