முதல் கஞ்சி: மலையோரத்து அனுபவங்கள்

மலைச்சாரல் (வண்டிப்பெரியார்):

எஸ்டேட் லயத்தில், அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது அதே பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர். ஆறு மாசத்துக்கு அப்புறம் பிள்ளைக்கு முதல் சாப்பாடு கொடுத்தபோது நீங்கள் பார்த்தது, கேட்டது, வீட்டில் சண்டை போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். முதலில் நானே தொடங்குகிறேன்.

எங்கள் லயங்களில் ரேஷன் அரிசிக்குப் பஞ்சமில்லை. கம்பத்திலிருந்து காய் வருகிறது. பஞ்சமெல்லாம் நேரத்துக்குத்தான். பேறுகால விடுப்பு சட்டப்படி 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். அப்படி எடுத்தவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாசமும் சில நாளும். மூன்றாவது பிள்ளை என்றால் மொத்தமே 12 வாரம்தான். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று நாங்கள் சொல்கிறோம். அவளோ ஐந்தாம் மாசம் கொழுந்துப் பையைத் தோளில் மாட்டியாக வேண்டும். வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை, பிள்ளைக்கு 15 மாசம் ஆகும்வரை, சட்டத்தில் உண்டு. மேல்காட்டில் நிற்பவள் லயத்துக்கு இறங்கி வருவதற்குள் அந்த இடைவேளை முடிந்துபோகும்.

ஆக, ஊட்டுவது அப்பத்தாக்கள்தான்.

ஓர் அப்பத்தா ஏழு மாசப் பேரனை எடை பார்க்கக் கொண்டுவந்தார். எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தது. "என்ன அப்பத்தா கொடுக்கிறீங்க?" என்றேன். "நல்லாத்தான் குடிக்கிறான் டீச்சர். மூணு வேளையும் ஒரு டம்ளர் கஞ்சி." சரி, என்ன கஞ்சி என்று பார்க்க வீட்டுக்கே போனேன். குண்டான் அடியில் சோறு கிடக்க, மேலே நின்ற தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி, பால் புட்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கெட்டியாகக் கொடுத்தால் நெஞ்சில் அடைத்துவிடும் என்ற பயம். ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும், ஒரு டம்ளர். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் அவன் ஏன் அழப்போகிறான்? வயிறு நிறைந்த பிள்ளை பேசாமல் தூங்கும். அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

சாயங்காலம் கட்டன் சாயாவில், அதான் பால் சேர்க்காத டீயில், நனைத்த பிஸ்கட் வேறு. எங்கள் ஊரில் தேயிலையைத் தப்ப முடியாது, பல் முளைக்கும் முன்னாலேயே நாக்குக்குப் பழகிவிடுகிறது. ஆனால் சாயாவில் உள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்பும் ஆறு மாச வாக்கில் குறைந்துபோயிருக்கும். அவனுடைய கண் இமையின் உள்பக்கத்தை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மறுநாளே சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.

அன்றைக்கு அவர் அடுப்பிலேயே செய்து காட்டினேன். அடியில் இருந்த சோறு, ஒரு பிடி வெந்த பாசிப்பருப்பு, கொஞ்சம் அரைக்கீரை. கரண்டியின் முதுகால் நன்றாக மசித்து, அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய். உப்பும் சர்க்கரையும் கிடையாது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தேன், ஒழுகாமல் நின்றது. "இதையா முழுங்குவான்?" என்றார். முதல் இரண்டு வாயை நாக்கால் வெளியே தள்ளினான். அவர் உடனே, "பாருங்க, பிடிக்கல" என்றார். பால் சப்பிப் பழகிய நாக்கு முன்னால் தள்ளத்தான் செய்யும், பிடிக்காததற்கு அது அடையாளம் இல்லை. மோவாயில் வழிந்ததை வழித்து மறுபடி கொடுத்தேன். கொஞ்சம் உள்ளே போனது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

டீச்சர், எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. அங்கன்வாடியில் மகளுக்கு இலவசமாகத் தரும் அம்ருதம் என்ற சத்துமாவுப் பொடி வாங்கி வருவோம். ஆறு மாசத்திலிருந்து மூணு வயசு வரைக்கும் அது உண்டு. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கிறது. ஆனால் என் மாமியார் அதில் உருண்டை பிடித்துப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். மிச்சம் கன்றுக்குட்டிக்கு. மகளுக்கோ கடையில் கடன் சொல்லி வாங்கிய டின் மாவு. இலவசமாகக் கிடைப்பதில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான்.

பக்கத்து வீட்டுச் சேச்சி குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் குழுவில் அதே பொடி தயாரிக்கும் யூனிட்டில் வேலை செய்கிறார். தொட்டியில் பொடி மிதப்பதை ஒருநாள் பார்த்துவிட்டார். "கன்றுக்குட்டிக்கா நாங்க உட்கார்ந்து வறுத்துப் பொடிக்கிறோம்?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அவர் மலையாளத்தில் திட்ட, மாமியார் தமிழில் பதில் சொல்ல, தெருவே வேடிக்கை பார்த்தது. அப்புறம் சமாதானமாகி அவரே உள்ளே வந்து காய்ச்சினார். கொதிக்கிற தண்ணீரில் பொடியைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. ஆறின தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, பச்சை வாசனை போய் ஓரம் விட்டு வரும்வரை கிண்டணும். மகள் மறுப்பே சொல்லவில்லை.

பொடியிலேயே சர்க்கரை சேர்த்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வயசுக்குள் இனிப்புக்குப் பழக்கினால் பருப்பும் கீரையும் எப்படி இறங்கும்? அதனால் ஒரு வேளை அது, மற்ற வேளைகளில் சாதமும் பருப்பும். இன்னொன்று, எங்கள் பாலக்காட்டுப் பக்கம் நேந்திரங்காய்ப் பொடிக் குறுக்கு, அதாவது கிண்டிக் காய்ச்சிய கெட்டிக் கூழ், என்றால் உயிர். தெம்பு தரும், செரிக்கும், சரி. அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதையே மூணு வேளையும் கொடுக்கிற வீடுகள் உண்டு.

கம்பம்மெட்டு:

சின்ன விஷயம். பிள்ளை பிறந்ததும் மலைத்தேன் நாக்கில் தடவுவது எங்கள் குடும்பத்து வழக்கம். தடுப்பூசி போடப் போனபோது அம்மா இதைப் பெருமையாகச் சொல்ல, டாக்டர், "ஒரு வயசு வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது" என்றார். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், அது சின்னப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், பெயர் பொட்டுலிசம் என்று விளக்கினார். அம்மாவுக்குக் கோபம், "நீயெல்லாம் அந்தத் தேன் நக்கி வளர்ந்தவன்தானே" என்று. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

அகளி நர்ஸ்:

கேரளத்துப் பழங்குடி மலைப்பகுதியான அட்டப்பாடியில் இருக்கிறேன், ஆனைகட்டிக்கு இந்தப் பக்கம். 2013-இல் இங்கே பச்சிளங்குழந்தைகள் இறந்தது பெரிய செய்தியானது. அதன்பின் எத்தனையோ சத்துணவுப் பாக்கெட்டுகள் மலை ஏறி வந்துவிட்டன. ராகியும் சாமையும் இந்த மண்ணிலேயே விளைகிறவை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் வாக்கில் கால்சியம் இருக்கிறது. அரிசி இதற்குப் பக்கத்திலேயே வராது.

டீச்சர் சொன்ன கெட்டிக் கஞ்சியில் ஒரு சிக்கல் உண்டு. ராகி மாவு வேகும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பும். கெட்டியாக்கினால் பசை மாதிரி ஒட்டும், பிள்ளையால் விழுங்க முடியாது. இளக்கத் தண்ணீர் விட்டால் சத்து போச்சு. முளைகட்டிய மாவு இதற்குத்தான். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் காயவைத்துப் பொடிக்கணும். கருக வறுக்கக் கூடாது, முளையில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி வறுபட்டுப்போகும்.

ஓர் ஊரில் தாய்மார்களைக் கூட்டி இதைச் செய்து காட்டினேன். களிப் பதத்தில் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிய சூட்டில் ஒரு ஸ்பூன் முளைமாவு போட்டுக் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் கஞ்சி தானாக இளகி ஓடியது. பின்னால் நின்ற ஒரு பாட்டி, "நர்ஸம்மா, எப்போ தண்ணி ஊத்தினே?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒரே சிரிப்பு. மறுபடி அவரையே கிளறச் சொன்னேன். மாவுச்சத்தை அமிலேஸ் உடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். போட்ட மாவு அப்படியே இருக்கிறது, கஞ்சி மட்டும் இளகுகிறது. கடைசியில் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், பச்சை மாவு சேர்ந்திருக்கிறதே.

முட்டைக்கு ஒரு வயசு ஆகட்டும் என்று காத்திருப்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். ஆறு மாசம் முடிந்ததும் நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வீட்டில் கோழி இருக்கும், முட்டையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் பிஸ்கட் வாங்குவார்கள்!

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நர்ஸக்கா, மத்தி மீன் கொடுக்கலாமா? இங்கே சைக்கிளில் வருகிறது. முள்தான் பயம்.

அகளி நர்ஸ்:

தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. உப்பும் மிளகாயும் சேர்க்கும் முன்னால் ஒரு துண்டைத் தனியாக அவித்து எடுத்துக்கொள்ளுங்கள். சதையைப் பிரித்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நூல் முள்கூடத் தட்டுப்படும். அப்புறம் சாதத்தோடு மசித்துவிடலாம். கருவாடு மட்டும் இப்போது வேண்டாம், உப்பு அதிகம்.