மறு: ‘பூர்வகுடிப் பெண்கள்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,
வணக்கம்.

> ‘பிரான்சில் குடியேறிய பெண்களின் கருவுறுதல் விகிதம் 2.6, பூர்வகுடிப் பெண்களுடையது 1.8’ என்று எழுதியிருக்கிறேன்.

எண்கள் சரி; ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பதையே அவை சொல்கின்றன. 2017-ஆம் ஆண்டுக்கு அந்நாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான இனெத் தந்த கணக்கு அது. ‘பூர்வகுடி’யை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு இருளரும் தோடரும் நினைவுக்கு வருவார்கள். இங்கே 1.8-க்குள் இருப்பவர்களில், அல்ஜீரியாவிலிருந்து வந்த தாய்க்குப் பாரிசில் பிறந்த மகளும் உண்டு. அட்டவணையில் தாய் குடியேறியோர் நெடுவரிசையில், மகள் அடுத்த நெடுவரிசையில். பிரித்துக் காட்டுவது பிறந்த இடமே தவிர வம்சம் இல்லை. ‘உள்நாட்டில் பிறந்தோர்’ போதும். அட்டவணையில் இடம் நெருக்கினால் ‘உள்நாட்டுப் பிறப்பினர்’ எனலாம்.

‘புலம்பெயர்ந்தோர்’ ஊரை விட்டுப் போனவர்களைப் பார்த்துச் சொல்லும் சொல். வந்து சேர்ந்த நாட்டின் கணக்கில் ‘குடியேறியோர்’தான் சரி.

> ‘கருவுறுதல்’ பிடிக்காவிட்டால், இலங்கையில் வழங்கும் ‘கருவளம்’ போடலாமா?

இதைத்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கருவுற்றுக் கலைந்தால் இந்தக் கணக்கில் வராது. பிள்ளை வேண்டாம் என்று இருக்கும் முப்பது வயதுப் பெண்ணுக்குக் கருவளம் இருக்கலாம், கணக்கில் அவள் பெற்றது சுழிதான். எண்ணப்படுவது பிறந்த பிள்ளைகள். பிரெஞ்சிலிருந்து பெயர்ப்பவர்களுக்கு இன்னொரு குழி: அங்கே ‘ஃபெகோந்தித்தே’ என்றால் பெற்றது, ‘ஃபெர்த்திலித்தே’ என்றால் பெறும் ஆற்றல். ஆங்கிலத்தில் ‘ஃபெர்டிலிட்டி’, ‘ஃபெகண்டிட்டி’ இரண்டும் அப்படியே இடம் மாறி நிற்கும். ஒலியை நம்பினால் தலைகீழாகிவிடும். ஆகவே பெற்றதற்குப் ‘பிள்ளைப்பேறு’, ஆற்றலுக்குக் ‘கருவளம்’. ‘மொத்தப் பிள்ளைப்பேற்று வீதம்’ என் முன்மொழிவு.

‘விகிதம்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அதே ஆண்டு பிறப்புகளில் 19 விழுக்காடு குடியேறிய தாய்மாருடையது. இதை விகிதம் என்றும் 2.6-ஐ விகிதம் என்றும் எழுதினால், நாட்டின் பிள்ளைப்பேறே அவர்களால்தான் நிற்கிறது என்று வாசகர் நினைப்பார். உள்நாட்டுப் பிறப்பினரின் வீதம் 1.77, எல்லோரையும் சேர்த்தால் 1.88. கூடியது 0.11 மட்டுமே. குடியேறியோரால் கூடுவது பிள்ளைகளின் தொகை மட்டுமல்ல, அதை வகுக்கும் பெண்களின் தொகையும்தான்.

2.6-லும் ஒரு சிக்கல். பலர் நாடு மாறும் வரை பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைத்து, வந்த சில ஆண்டுகளில் பெறுகிறார்கள். இந்த எண்ணுக்காக, ஓராண்டில் ஒவ்வொரு வயதுப் பெண்களும் பிள்ளை பெற்ற வீதங்களைக் கூட்டும்போது அந்தக் குவிவு வாழ்நாள் முழுதும் நீள்வதுபோல் ஆகி, எண் உயர்ந்துவிடுகிறது. வருமுன் இருந்த வெற்று ஆண்டுகள் பிரான்சின் ஏட்டில் இல்லை. இதற்கு ‘வருகைப் பேற்றுக்குவிவு’ என்று வைத்திருக்கிறேன். நாக்கில் சற்றுத் தட்டுகிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பினால் இன்றிரவே பார்த்துவிடுகிறேன், ஐயா.